வெளுத்ததெல்லாம்

உலான்பாதரின் வடக்கு மேட்டில்
காலை பத்தாகியும் எழுந்திருக்கவில்லை
நிலக்கரிப் புகை.
"நாயைப் பிடியுங்கள்" என்று கூவினேன்,
இங்கே அதுதான் வணக்கம்.
கூடாரக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் சொலொங்கோ,
கம்பளி ஆலையில் இரவு முழுக்க நின்ற கண்களோடு.

"பயலுக்கு ஒன்றுமில்லை. பாருங்கள், எல்லாம் வெள்ளை."

பயல் பெயர் நெர்குய்.
பெயரில்லாதவன் என்று பொருள்.
முன்னால் பிறந்த ஒன்று தங்காமல் போனதால்
கெட்டது எதுவும் இவனைக் கூப்பிட முடியாதபடி
வைத்த பெயர்.

முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தோம்.
இரண்டு மடி சேர்ந்து ஒரு கட்டில்.
அவன் கால்கள் அவள் இடுப்பைச் சுற்றி,
தலை என்னிடம்.
கூரை வளையத்தின் வழியே விழுந்த வெளிச்சத்தில்
தலைகீழாய் ஒரு முகம்
என்னை வைதுகொண்டிருந்தது.
அழட்டும்.
அழுகிற வாய் திறந்த வாய்.

மேலுதட்டைத் தூக்கினேன்.
பால் பற்கள் நான்கு, எச்சிலில் மினுங்கின.
எல்லாம் வெள்ளை,
அவள் சொன்ன மாதிரியே.

இரண்டு வருஷத்துக்கு முன்
இதே மடியில், இவன் அக்கா யெசூயின் வாயில்
இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.
படிவத்தில் 'நலம்' என்று எழுதினேன்,
உப்புத் தேநீர் குடித்தேன், மேட்டை இறங்கினேன்.
பதினாறு மாதத்தில் நான்கும் எரிந்த தீக்குச்சிகள்.
மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்கினார்கள்.
விழுந்த பால் பல்லைக் கொழுப்பில் பொதிந்து
நாய்க்குப் போடுவது இவ்வூர் வழக்கம்,
நாயின் பல்போல் உறுதியாய் முளைக்கட்டுமென்று.
பிடுங்கிய பல்லையும் போட்டாளாம்.
நாய் முகர்ந்து பார்த்ததாம்,
கொழுப்பை மட்டும் நக்கிவிட்டு நடந்ததாம்.
சொலொங்கோ இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஈரப் பல் பொய் சொல்லும்.
துணியால் துடைத்தேன். ஊதினேன். எண்ணினேன்.

ஒன்று.
இரண்டு.
மூன்றில் எழுந்தது,
ஈறோரம் ஒரு கோடு:
வெள்ளையின் மேல் இன்னொரு வெள்ளை,
மினுக்கமில்லாதது,
சுண்ணக்கட்டியால் இழுத்த மாதிரி.
கறுப்பைத் தேடுகிறவருக்கு அகப்படாது.
கறுப்பு வருவது கடைசியில்,
வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பி முடித்த பிறகு.

கீழ்வரிசை சுத்தம்.
உறிஞ்சும்போது நாக்கு போர்த்திக் காத்திருக்கிறது.
ஆக, இரவில் பாட்டில்.
தெரிந்தும் கேட்டேன்.

"ஒரு கரண்டி சர்க்கரை. அவ்வளவுதான்.
போடாவிட்டால் தூங்கமாட்டான்.
தூங்காவிட்டால் காவலுக்கு வரும் பெண்
மறுநாள் வரமாட்டாள்.
அவள் வராவிட்டால்..."

மீதியை ஆலைச் சங்கு சொல்லும்.

"தண்ணீர் மட்டும் கொடுங்கள்.
மூன்று ராத்திரி கூரை பறக்க அழுவான்.
அந்தப் பெண்ணிடம் நானே பேசுகிறேன்."
தேன் நிறப் பூச்சைத் தொட்டு வைக்கப் போனேன்.
"இன்னும் குழி விழவில்லை. திருப்பிவிடலாம்."

"எங்கே? எனக்குக் காட்டுங்கள்."

அதற்குள் எச்சில் ஊறிக் கோடு மறைந்திருந்தது.
மறுபடி துடைத்தேன்.
அவள் குனிந்தாள்.
மூன்று எண்ணும்வரை
இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

பார்த்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு, தலையை நிமிர்த்தாமலே:
"யெசூய்க்கும் இது இருந்ததா?"

"இருந்திருக்கும்.
நான் துடைத்துப் பார்க்கவில்லை."

அடுப்பில் கரி ஒன்று சரிந்தது.
அவள் எதுவும் சொல்லவில்லை.
பையனின் தாடையை இன்னும் கொஞ்சம்
என் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.
பூசினேன். பூசும்போது கடித்தான்.

தேநீர் ஊற்றினாள், குடித்தேன்.
வெளியே, முப்பது பாகைக் குளிரில்,
கம்பளிக் கையுறை மாட்டும் முன் பார்த்தேன்:
சுட்டுவிரலில் மேலே நான்கு,
கீழே நான்கு.
எண்ணினேன்.
நாய் பார்த்துக்கொண்டிருக்க
இன்னொரு தரமும் எண்ணினேன்.